சாலை வேலை நடக்கும் இடத்தில் வேகமாகப் போய் மாட்டினால்: ராமநாதபுரம் கடலோரத்தில் வண்டி ஓட்டுபவர்களுக்கு முழு வழிகாட்டி

சாலை வேலை நடக்கும் இடத்தில் வேகமாகப் போனால் இரட்டை அபராதம் என்று ஒரு பேச்சு நம் பக்கம் உலவுகிறது. வெளிநாட்டில் ஓட்டிப் பழகியவர்கள் ஊருக்குக் கொண்டுவந்த பேச்சு. அமெரிக்காவில் பல மாநிலங்களில் உண்மையிலேயே அப்படித்தான். வேலை நடக்கும் பகுதியில் பிடிபட்டால் தொகை இரண்டு மடங்கு. பிரிட்டனில் வேலைப் பகுதிக்குத் தற்காலிக வேகவரம்பு வைத்து, இரண்டு கேமராவுக்கு நடுவே வண்டியின் சராசரி வேகத்தைக் கணக்கெடுத்து, குறைந்தது 100 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் 3 புள்ளியும் போடுகிறார்கள். இந்தியாவில் அப்படித் தனி அபராதம் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் முழுவதையும் புரட்டினாலும் ‘சாலைப் பணி நடக்கும் இடத்தில் வேகம்’ என்று ஒரு குற்றம் அகப்படாது.

தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். தனிப் பிரிவு இல்லாததால்தான் ஒரே செயலுக்கு நான்கு வெவ்வேறு பிரிவுகளில் ஏதாவது ஒன்றைப் போட முடிகிறது. 500 ரூபாயில் முடிவதும் உண்டு, கோர்ட்டுப் படி ஏறுவதும் உண்டு, லைசென்ஸ் மூன்று மாதம் கையை விட்டுப் போவதும் உண்டு. எது நடக்கும் என்பது சலானில் எழுதியிருக்கும் பிரிவு எண்ணைப் பொறுத்தது. நம் ஆட்கள் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, “சரி, கட்டிடுவோம்” என்று சட்டைப்பையில் கை விடுகிறார்கள். முதலில் எண்ணைப் பாருங்கள். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அந்த எண்களைப் பற்றியதுதான்.

நம் பக்கம் எங்கே கவனம் வேண்டும்

மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்குவழிச் சாலை. அங்கிருந்து ராமநாதபுரம் வரை இருவழி. தேசிய நெடுஞ்சாலை 87-இல் வருபவர்களின் கால், நான்குவழியில் பழகிய அழுத்தத்தை அப்படியே இருவழிக்கும் கொண்டுவந்துவிடும். பரமக்குடி – ராமநாதபுரம் இடையே 46.7 கிலோமீட்டரை 1,853 கோடி ரூபாயில் நான்குவழியாக்க 2025 ஜூலை 1 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இவ்வளவு நீளமான அகலப்படுத்தும் வேலை என்றால் மாற்றுப்பாதை, மண்மேடு, பாதி மூடிய சாலை எல்லாம் வரும். ஒரு வாரம் சகித்துக்கொண்டால் போதும் என்ற கணக்கு அதற்குச் சரிப்படாது.

அடுத்தது கிழக்குக் கடற்கரைச் சாலை. தொண்டி, உப்பூர், தேவிபட்டினம், ராமநாதபுரம், சாயல்குடி என்று தூத்துக்குடிக்குப் போகும் இதற்குத் தேசிய நெடுஞ்சாலை 32 என்று பெயர். இங்கே ஆபத்து வேறு மாதிரி. வளைவே இல்லாமல் நேராக ஓடும் பகுதிகள் அதிகம். ஆள் நடமாட்டமும் குறைவு. வேகம் தானாக ஏறும். ஓரத்தில் சீமைக்கருவேலம் வளர்ந்து பலகையை மூடியிருக்கும். முக்கோணத்தின் ஒரு நுனி மட்டும் வெளியே தெரியும், நடுவில் என்ன படம் என்பது பக்கத்தில் வந்தால்தான் புரியும். சின்னப் பாலம் கட்டச் சாலையைப் பாதி வெட்டி, பக்கத்தில் மண்ணில் ஒரு வளைவுப் பாதை போட்டிருப்பார்கள். விடியற்காலையில் ஐஸ் உருகுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஓடும் மீன் வண்டிகளும், அதே நேரத்தில் சாலையைக் கடக்கும் ஆட்டு மந்தையும் அந்த மண்பாதையில்தான் சந்திக்கும்.

பாம்பன் சாலைப் பாலம் தனி வகை. 1988-இல் திறந்தது, நீளம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். பராமரிப்புக்காக ஒரு பக்கத்தை மூடினால் ஒதுங்கி நிற்க இடமே இல்லை. புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு தண்டவாளத்தையும் கடலையும் எட்டிப் பார்க்க நிற்கிறவர்கள் வேறு. பாலத்தைத் தாண்டினால் தங்கச்சிமடம், ராமேஸ்வரம். அங்கிருந்து 2017-இல் அரிச்சல்முனை வரை நீட்டிய சாலையில் காற்று வீசும் நாளில் மணல் தாருக்கு மேலே ஏறிக்கிடக்கும். மணல் அள்ளும் ஆட்கள் சாலையிலேயே நிற்பார்கள். அதுவும் சாலை வேலைதான். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு முந்தின நாள் இரவு இந்த வழியில் வருபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் படி: பலகையைப் படிப்பது

வேலைப் பகுதி என்பது ஆட்கள் நிற்கும் இடம் மட்டும் இல்லை. சாலைகளுக்குத் தரநிலை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி அதை நான்கு துண்டாகப் பிரிக்கிறது: முன்னெச்சரிக்கைப் பகுதி, பாதை மாறும் பகுதி, வேலை நடக்கும் பகுதி, மறுபடி பழைய பாதைக்குச் சேரும் பகுதி. முன்னெச்சரிக்கைப் பகுதியில் மண்வெட்டியோடு ஓர் ஆள் நிற்கும் முக்கோணப் பலகை வரும். அது எச்சரிக்கை மட்டுமே. அதற்கு அடுத்து, சிவப்பு வளையத்துக்குள் எண் எழுதிய வட்டப் பலகை வரும். அது கட்டளை. அபராதம் பிறப்பது அந்த வட்டத்தில்தான். வெள்ளை வட்டத்தில் குறுக்குக் கோடு போட்ட பலகை வரும்வரை அந்த எண் நீடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை, ஆள் இல்லை, ரோலர் ஓரமாக நிற்கிறது. வரம்பு அப்போதும் உண்டா? பலகை இருந்தால் உண்டு. ஆள் இல்லாவிட்டாலும் தோண்டிய பள்ளமும் குறுகிய பாதையும் அங்கேதான் இருக்கின்றன.

பலகை வைக்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பின்னால் கோர்ட்டில் உதவும். சட்டத்தின் 112(2) பிரிவு, பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ சாலை, பாலத்தின் தன்மைக்காகவோ வேகத்தைக் குறைத்து நிர்ணயிக்க மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் இடம் தருகிறது. அதற்கு அரசிதழில் அறிவிக்கை வேண்டும், 116-ஆம் பிரிவின்படி பலகையும் வேண்டும். ஆனால் கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேல் போகாது என்றால் அறிவிக்கை தேவையில்லை, பலகை போதும். சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் திடீரென்று 30 என்று பலகை முளைப்பது இதனால்தான். அது சட்டப்படி சரியானதே. மாதக்கணக்கில் நிற்கும் பலகை என்றால் அறிவிக்கை இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்க வேண்டிய இடம் கோர்ட். வண்டியை நிறுத்திய போலீஸ்காரரிடம் சாலை ஓரத்தில் வாதாடி ஒரு பயனும் இல்லை.

30 என்று ஏன் போடுகிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அட்டவணைப்படி, தடையைப் பார்த்து பிரேக் போட்டு நிற்க 30 கிலோமீட்டர் வேகத்தில் 30 மீட்டர் வேண்டும். 60-இல் 80 மீட்டர். 80-இல் 120 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் இரண்டரை மடங்குக்கு மேல் போகிறது. மண் படிந்த தாரில் இதுவும் போதாது.

இரண்டாம் படி: நிறுத்தினால் என்ன செய்வது

ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று கேட்பார்கள். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ காட்டினால் செல்லும். கேலரியில் வைத்திருக்கும் போட்டோவுக்கு அந்த மதிப்பு இல்லை. பாம்பன் தாண்டி நெட்வொர்க் படுத்துவதும் எழுவதுமாக இருக்கும், அதனால் அசலையும் வண்டியில் வைத்திருப்பது என் கட்சி.

அப்புறம் மரியாதையாக இரண்டு கேள்வி.

“சார், எந்த செக்‌ஷன் சார்?”

“வேகம் எவ்வளவு காட்டுச்சு சார்? பார்க்கலாமா?”

இரண்டாவது கேள்வியை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், காரணம் வேகக் குற்றத்தைப் பற்றிய 183(3) பிரிவு. வேகமாகப் போனான் என்று ஒரே ஒரு சாட்சி தன் கருத்தைச் சொன்னதை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது. அந்தக் கருத்து இயந்திரக் கருவியோ மின்னணுக் கருவியோ கொடுத்த கணக்கை வைத்துச் சொன்னதாக இருக்க வேண்டும். ஸ்பீடு கன் இல்லாமல் கண்ணால் பார்த்ததை வைத்து 183 போட்டால் அது கோர்ட்டில் நிற்பது கடினம். கருவி இல்லாத வேலைப் பகுதியில் 183-க்குப் பதிலாக 119-ஓ (பலகையை மீறுவது) 184-ஓ (ஆபத்தான ஓட்டம்) எழுதப்படுவதற்கு இதுவே காரணம். எண் மாறினால் உங்கள் நிலைமையும் மாறும்.

சிவப்புக் கொடி காட்டி நிறுத்தும் தம்பி ஒப்பந்தக்காரரின் ஆள். அவர் அபராதம் போட முடியாது, பணம் கேட்கவும் முடியாது. அதற்காக அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகக்கூடாது. அவர் நிறுத்தியும் நிற்காமல் போனதை அடுத்த முனையில் நிற்கும் போலீஸ் 184-க்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: எண்ணை வைத்துக் கணக்குப் போடுவது

லேசானதில் தொடங்குவோம். 119-ஆம் பிரிவு போக்குவரத்துப் பலகைக்குக் கட்டுப்பட வேண்டும் என்கிறது. மீறினால் 177-இன்படி முதல் முறை 500 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறை 1,500 வரை. இது எழுதப்பட்டிருந்தால் கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். சண்டைக்கு இதில் சரக்கு இல்லை. போலீஸ் கொடுத்த உத்தரவை மீறினீர்கள் என்று 179 சேர்த்தால் 2,000 ரூபாய்.

அடுத்தது 183, அசல் வேகக் குற்றம். 2019 செப்டம்பர் 1-இல் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, இலகு ரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய். நடைமுறையில் டூவீலருக்கும் இந்தக் கணக்குதான். நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிக்கும் பயணிகள் வண்டிக்கும் 2,000 முதல் 4,000. இரண்டாவது முறை என்றால் பணத்தோடு நிற்காது, லைசென்ஸைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று பிரிவே சொல்கிறது. இந்த எல்லைக்குள் அந்த இடத்திலேயே எவ்வளவு வாங்கலாம் என்பதை 200-ஆம் பிரிவின்படி மாநில அரசு நிர்ணயிக்கிறது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியல் 2022 அக்டோபரில் மாற்றப்பட்டது.

பயப்பட வேண்டியது 184, ஆபத்தான முறையில் ஓட்டுவது. முதல் முறை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். வேலைப் பகுதிக்கு இந்தப் பிரிவு ஏன் சரியாகப் பொருந்துகிறது என்றால் அதன் வாசகம் அப்படி. வேகம் ஆபத்தானதா என்பதை இடத்தின் தன்மை, நிலை, அது எதற்குப் பயன்படுகிறது, அந்த நேரத்தில் அங்கே இருக்கும் போக்குவரத்து, இருக்கக்கூடும் என்று எதிர்பார்க்கத்தக்க போக்குவரத்து எல்லாவற்றையும் வைத்து முடிவு செய்ய வேண்டும் என்கிறது. ஆகவே 60 சாதாரணச் சாலையில் குற்றமே இல்லாமல் இருக்கலாம். அதே 60, பாதி வெட்டிய பாலத்துக்குப் பக்கத்து மண்பாதையில் ஆபத்தான ஓட்டம் ஆகலாம். பலகை விழுந்து கிடந்தது, மரம் மறைத்தது என்பது 183-க்குப் பதில் ஆகலாம். 184-க்கு அது முழுப் பதில் ஆகாது. பள்ளமும் ஆட்களும் கண்ணுக்குத் தெரிந்தார்களா இல்லையா என்றே கேட்பார்கள்.

ஒருவழி மட்டும் திறந்திருக்கும்போது காத்திருக்கும் வரிசையை ஏறித் தாண்டுவது, எதிர்த்திசைப் பாதையில் புகுவது, ஓட்டிக்கொண்டே போனைக் கையில் பிடித்துப் பேசுவது ஆகியவையும் 184-இன் விளக்கத்துக்குள் வருகின்றன. கையில் போன் வைத்திருந்த குற்றத்தை மட்டும் அங்கேயே பணம் கட்டி முடிக்கலாம். 184-இன் மற்ற வகைகளுக்கு அந்த வசதியைச் சட்டம் தரவில்லை. அவை கோர்ட்டுக்குப் போக வேண்டியவை. எனவே 184 என்று எழுதிவிட்டு “இங்கேயே கட்டிடு” என்றால், எதற்காகக் கட்டுகிறீர்கள் என்று ரசீதை ஒருமுறை படித்துவிட்டுக் கட்டுங்கள்.

நான்காவது பாரதிய நியாய சன்ஹிதா. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் இருப்பது. அதன் 281-ஆம் பிரிவு, உயிருக்கு ஆபத்து வரும் விதத்தில் பொதுவழியில் கண்மூடித்தனமாக ஓட்டுவது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாருக்கும் அடிபடாவிட்டாலும் இதில் எஃப்.ஐ.ஆர். போடலாம். தொகை சின்னது என்று அலட்சியம் வேண்டாம். இது சலான் இல்லை, கிரிமினல் வழக்கு. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் சரிபார்ப்பு வரும்போது இந்த வழக்கு எட்டிப்பார்க்கும். வளைகுடா வேலைக்குப் பையைக் கட்டி வைத்திருக்கும் பையன்கள் வீட்டில் இதைச் சொல்லி வையுங்கள்.

இன்னும் ஒன்று. சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் உள்ளவர்களே இந்தச் சட்டத்தை மீறினால் அவர்களுக்கு இரண்டு மடங்கு என்கிறது 210பி. இரட்டை அபராதம் என்ற பேச்சுக்கு நம் நாட்டுச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு என்றால் அது இதுதான்.

லைசென்ஸ் விஷயம்

பணம் கட்டியதோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 183, 184 இரண்டிலும் அதிகாரம் பெற்ற போலீஸ் அதிகாரி 206(4)-இன்படி லைசென்ஸை எடுத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பலாம். டிஎன் 65 வண்டிக்காரர்கள் பெரும்பாலும் போய் நிற்க வேண்டியது ராமநாதபுரம் அலுவலகம்; லைசென்ஸ் வேறு ஊரில் எடுத்தது என்றால் அந்த ஊர். அங்கே உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே முடிவெடுக்க வேண்டும். முதல் குற்றத்துக்கு மூன்று மாதத் தகுதியிழப்பு, இரண்டாவதற்கு லைசென்ஸே ரத்து என்பது 19(1ஏ). விளக்கம் திருப்தியாக இருந்தால் விட்டுவிடவும் அவர்களால் முடியும். அதனால் நோட்டீஸ் வந்தால் போகாமல் இருக்காதீர்கள். அதிவேகத்துக்கு மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு மாநிலங்களை வலியுறுத்தி வந்திருக்கிறது. அலுவலகங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசும்.

இரண்டு நுணுக்கங்கள். இந்தப் பிரிவில் லைசென்ஸை எடுக்கும்போது ஒரு ரசீது தருவார்கள். மற்ற பிரிவுகளில் அந்த ரசீதை வைத்து ஓட்டலாம். 206(4)-இல் தரும் ரசீதை வைத்து லைசென்ஸ் திரும்பி வரும்வரை ஓட்டக்கூடாது. ரசீதுதான் இருக்கிறதே என்று வண்டியை எடுத்தால் அடுத்த குற்றம் சேரும். அப்புறம், அங்கேயே அபராதம் கட்டி முடித்தாலும் லைசென்ஸ் நடவடிக்கை தானாக விழாது. 200-ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது.

கேமராவில் மாட்டினால்

136ஏ பிரிவுக்கான 167ஏ விதி 2021 ஆகஸ்டில் வந்த பிறகு கேமரா சலானுக்கு ஓர் ஒழுங்கு வந்தது. கேமரா கண்காணிக்கும் பகுதி என்று முன்கூட்டியே பலகை வைக்க வேண்டும். கருவிக்கு ஒப்புதல் சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதில் நம்பர் பிளேட் தெரியும் படம், கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் டிக் அடித்துப் பாருங்கள். குறிப்பாக இடம். வேலைப் பகுதியின் தற்காலிக வரம்பை வைத்துப் போட்டார்களா, சாலையின் வழக்கமான வரம்பை வைத்தா என்பது அதிலிருந்துதான் தெரியும்.

நோட்டீஸ் உரிமையாளருக்கு வரும். வண்டியை மச்சான் எடுத்துப்போய் ராமேஸ்வரத்தில் மாட்டியிருந்தால், ஓட்டியது யார் என்று கேட்கும்போது சொல்ல வேண்டியது 133-இன்படி உங்கள் கடமை. ஓட்டியது பதினெட்டு நிறையாத பையன் என்றால் விவகாரமே வேறு: 199ஏ-இன்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாயும், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

வாட்ஸ்அப்பில் ‘உங்கள் சலான்’ என்று ஏபிகே கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் தொடாதீர்கள். அரசு எந்தச் சலானையும் ஏபிகேயாக அனுப்புவதில்லை. நிஜமா என்று பார்க்கப் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணைப் போடுங்கள்; முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிய வேண்டும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

கட்டுவதா, எதிர்ப்பதா

என் அபிப்பிராயம் இது. 119 என்றால் கட்டுங்கள். 183-இல் கருவியின் அளவும் பலகையும் தெளிவாக இருந்து, இது முதல் முறை என்றால் அதையும் கட்டுவதே லாபம். வேலையை விட்டுக் கோர்ட்டுக்கு அலைவதற்கு ஆகும் செலவு 1,000 ரூபாயைத் தாண்டிவிடும். ஓட்டித்தான் பிழைப்பு, இரண்டாவது 183 வந்திருக்கிறது என்றால் கட்டுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், ஏனென்றால் போவது பணம் இல்லை, லைசென்ஸ். 184-ஐயும் 281-ஐயும் வக்கீல் இல்லாமல் ஒப்புக்கொள்ளவே வேண்டாம்.

எதிர்ப்பது என்று முடிவெடுத்தால் அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதே இடத்துக்குத் திரும்பிப் போய், நீங்கள் வந்த திசையில் பலகை இருக்கிறதா, எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்று வீடியோ எடுங்கள். வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு நடந்தபடி எடுங்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் ஒப்பந்தக்காரர் பலகையை நகர்த்தியிருப்பார், இல்லை வேலையே முடிந்திருக்கும். டேஷ்கேம் இருந்தால் அன்றைய பதிவை உடனே தனியாக எடுத்து வையுங்கள். இல்லையென்றால் அதன் மேலேயே புதுப் பதிவு ஏறி, பழையது அழிந்துவிடும். பலகை எவ்வளவு நாளாக நிற்கிறது என்று பக்கத்து டீக்கடையில் கேட்டாலே தெரியும். சாட்சி சொல்ல அவர் வருவாரா என்பது வேறு கதை.

சலானில் எழுதியிருக்கும் கெடுவுக்குள் கட்டவோ எதிர்க்கவோ வேண்டும். சும்மா விட்டால் கோர்ட்டுக்குப் போகும். நிலுவை இருக்கும்போது பெயர் மாற்றம், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) போன்ற வேலைகளுக்குப் போனால் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள் என்பார்கள். லோக் அதாலத் நடக்கும் நாளில் பழைய சலான்களைப் பேசி முடிப்பதும் உண்டு.

வண்டி முதலாளிகளுக்கு

183 ஓட்டுநரோடு நிற்பதில்லை. தன் கீழ் வேலை செய்பவரை வேகமாக ஓட்ட வைப்பவரும் அதே பிரிவில் வருகிறார். அதைவிட முக்கியம் 183(4): இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று நேரம் விதித்து, வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் போக முடியாது என்று கோர்ட் கருதினால், நேரம் விதித்தவர் குற்றம் செய்தார் என்பதற்கு அதுவே முதல்நோக்குச் சான்று. மீனை ஏற்றிவிட்டு “ஆறு மணிக்குள்ள மார்க்கெட்ல நிக்கணும்ணே” என்று அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி, ஒரே நாளில் தேவிபட்டினம், திருப்புல்லாணி, ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று அச்சடித்துக் கொடுக்கும் டூர் நிரல், இரண்டுமே இந்தக் கணக்கில் வரலாம். வழியில் சாலை வேலை நடப்பது தெரிந்தும் பழைய நேரத்தையே வைத்திருந்தால் வாதம் இன்னும் பலவீனம். அரை மணி நேரம் கூட்டி எழுதுங்கள்.

யாருக்காவது அடிபட்டால்

வேலை செய்துகொண்டிருந்தவர் மீது மோதிவிட்டால் மேலே சொன்ன தொகை எல்லாம் சில்லறை. காயம் என்றால் நியாய சன்ஹிதா 125-இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொடுங்காயம் என்றால் மூன்று ஆண்டு, 10,000 என்று ஏறும். உயிர் போனால் 106(1), ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும்.

நில்லுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். 134-ஆம் பிரிவு சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வதை ஓட்டுநரின் கடமையாக வைத்திருக்கிறது. கூட்டம் அடிக்க வரும் நிலை என்றால் அங்கே நிற்காததற்கு அதுவே விலக்குத் தருகிறது; அப்போது நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள், எப்படியும் 24 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. சொல்லாமல் இருந்தால் 187-இல் இன்னொரு ஆறு மாதம் அல்லது 5,000 ரூபாய் அல்லது இரண்டும்.

தவறு சாலைக்காரர்கள் பக்கம் இருந்தால்

இரவில் பிரதிபலிப்பான் இல்லாத மண்மேடு, அம்புக்குறி இல்லாத மாற்றுப்பாதை, வேலை முடிந்தும் எடுக்காத ‘20’ வேகவரம்புப் பலகை. இவை நம் சாலைகளில் புதிதில்லை. 198ஏ பிரிவு இதற்குத்தான் 2019-இல் வந்தது: பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றாமல் விட்டு, அதனால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ, பொறுப்பான அமைப்பு அல்லது ஒப்பந்தக்காரருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆள் போன பிறகுதான் பேசும் பிரிவு என்பதால் என்னைக் கேட்டால் அது போதாது. ஆனாலும் விபத்து வழக்கில் உங்கள் வக்கீல் அதை எடுத்து வைக்கலாம்.

விபத்துக்கு முன்பே சொல்ல வழி உண்டு. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 உதவி எண். மாநில நெடுஞ்சாலைத் துறைச் சாலையின் பள்ளங்களுக்கு ‘நம்ம சாலை’ செயலி. மாதக்கணக்கில் நீடிக்கும் விஷயம் என்றால் திங்கட்கிழமை ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு. மனுவில் கிலோமீட்டர் கல்லின் எண்ணை எழுதுங்கள், ‘சாயல்குடிக்குக் கொஞ்சம் முன்னால்’ என்றால் யாரும் தேடிப் போகமாட்டார்கள். இரவில் எடுத்த போட்டோ ஒன்றும் பகலில் எடுத்தது ஒன்றும் சேர்த்து, மனு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதே இடத்தில் உங்களுக்கோ வேறு யாருக்கோ சலான் வந்தால், பலகை சரியில்லை என்று இன்ன தேதியில் சொன்னோம் என்பதற்கு அந்த எண் கோர்ட்டில் காட்டக்கூடிய தாள்.